மல்லியின் தாய்

இன்னாசித்தம்பியின் கொப்பியில் அறுபத்தொரு நாய்கள் இருந்தன. பக்கத்துக்கு ஒரு நாய். பெயர், பிறந்த நாள், தாய், தகப்பன், நிறம், பின்னங்கால் விரல்கள், வாழ்ந்த வீடு, செத்த விதம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டிருப்பார். சோடி சேர்ந்ததையோ குட்டி ஈன்றதையோ கண்ணால் கண்ட ஆளாக அவர் இருக்கவேண்டும். கண்ட ஆள் இல்லாத நாய்க்குக் கொப்பியில் இடம் கிடையாது.

நெடுந்தீவில் அந்த நாய்களை ஆறுவிரலி என்பார்கள். கடற்கரை மணலின் நிறம், ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். பின்னங்கால் ஒவ்வொன்றிலும் ஆறு விரல். குரைப்பது குறைவு. மாடுகள் கல்வேலியின் உடைப்புக்குள்ளால் அடுத்தவர் காணிக்குள் இறங்கினால், ஒருவரும் ஏவாமலே எழுந்துபோய் முன்னுக்கு நின்று திருப்பிக்கொண்டு வரும். தீவுக்கு வெளியே அப்படியொரு சாதி இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. தீவுக்குள்ளும் நாற்பதைத் தாண்டாது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மாசியில் அவருடைய பெட்டை வெள்ளைவாலி ஏழு குட்டி போட்டது. மூன்றுக்குக் கண் இல்லை. இரண்டு எழுந்து நிற்கவே இல்லை. ஒரு கிழமைக்குள் ஏழும் முடிந்துவிட்டன. புதைத்துவிட்டு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் அவர் யோசித்துப் பார்த்தார். தகப்பன், மூன்று வேலி தள்ளியிருந்த வீட்டுக் கடுவன். அந்தக் கடுவனை அந்த வீட்டுக்குக் கொடுத்ததே அவர்தான். வெள்ளைவாலியின் முதல் ஈற்றுக் குட்டி அது.

"தாயும் மகனும்," என்றார் மனைவி செபஸ்தியம்மாவிடம். "இந்தத் தீவில இனி ஆராவது ஒருத்தர் எழுதி வைக்க வேணும்."

அடுத்த நாளே கொப்பி வாங்கினார். கொஞ்சக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும் வழியில் ஆட்கள் அவரை மறிக்கத் தொடங்கினார்கள். "இன்னாசி அண்ணை, என்ர பெட்டைக்கு ஆர் முறை?" என்று கேட்பார்கள். அவர் சிரிக்காமல் பதில் சொல்வார். "மேற்குக் கடுவன் வேண்டாம், தமையன் முறை. துறையடியில நிக்கிறது தூரத்து மச்சான். சேர்க்கலாம்." கல்யாணத் தரகர் என்று பகிடி பண்ணியவர்களும் தங்கள் நாய்க்கு ஒரு பக்கம் கேட்டு வந்தார்கள்.

சாட்சி விஷயத்தில் மட்டும் அவர் இளகவில்லை. பக்கத்துக் காணிப் பரமலிங்கத்தின் நாய் கரன், பார்த்தால் அச்சு அசல் ஆறுவிரலி. ஆனால் அதன் தகப்பன் எதுவென்று கண்டவர் இல்லை. "எழுத ஏலாது," என்று சொல்லிவிட்டார். பரமலிங்கம் சண்டை பிடிக்கவில்லை. எட்டு வருடமாக வேலிக்கு மேலால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

அந்த அறுபத்தொன்றில் அவருடைய மனதுக்கு மிகக் கிட்டிய பக்கம் மல்லியுடையது.

மல்லி பிறந்த கதை கடலோடு சேர்ந்தது. அப்போது அவரிடம் சிவலை என்ற பெட்டை இருந்தது. தீவு முழுக்கத் தேடியும் சிவலைக்கு நெருங்கிய உறவில்லாத கடுவன் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. சீசர் என்ற கிழட்டு நாய். நாலு வருடம் காத்திருந்து, இரண்டாயிரத்துப் பதின்மூன்றில்தான் அந்தச் சோடி சரிவந்தது. அடுத்த மாதம் சீசர் செத்துப்போனது. சிவலையின் வயிற்றில் இருந்தவைதான் அந்தச் சோடியின் முதலும் கடைசியுமான குட்டிகள்.

ஆனி மாதத்தில், அது ஈனவிருந்த கிழமை, இன்னாசித்தம்பி தனியாகக் கடலுக்குப் போனார். இயந்திரம் நின்றுவிட்டது. சோளகக் காற்று படகை வடக்கே இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் முடிந்த பிறகு ஒருநாள் மழை பெய்தது. வெயில் ஏறும் நேரங்களில், நெடுந்தீவுப் புல்வெளியில் மேயும் காட்டுக் குதிரைகள் வரிசையாகத் தண்ணீரின் மேல் நடந்து வருவதை அவர் கண்டார். ஒன்று கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவை போகும் பக்கம்தான் வீடு என்று நினைத்துக் கையால் துடுப்புப் போட்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. கடைசியில் நாகப்பட்டினத்துக்காரரின் படகொன்று அவரைத் தூக்கியெடுத்தது. பிறகு பொலிஸ், நீதிமன்றம், நாலு மாதம் சிறையில் மறியல்.

பல நாள் கழித்து ஒரு நிமிடம் தொலைபேசியில் பேச விட்டார்கள். செபஸ்தியம்மா அழுது முடிக்கக் காத்திருந்துவிட்டு, "சிவலை?" என்று கேட்டார்.

"சிவலை போயிட்டுது. ஈனேக்க."

"குட்டியள்?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஒண்டு இருக்கு. பெட்டை. மல்லி எண்டு கூப்பிடுறன்."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மறியலில் மிச்ச நாட்களைக் கழித்தார். ஐப்பசியில் வந்து இறங்கியபோது வாசல் படலையடியில் மனைவி குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவர் முதலில் அதன் பின்னங்காலைப் பிடித்து விரல்களை எண்ணினார். பிறகுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அன்று பின்னேரமே கொப்பியில் எழுதினார்: மல்லி. தாய் சிவலை, தகப்பன் சீசர். சாட்சியின் இடத்தைக் காட்ட, செபஸ்தியம்மா பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மல்லி பதினொரு வருடம் அந்த வீட்டை ஆண்டது. ஐந்து ஈற்றில் முப்பத்தொரு குட்டி. ஊனமாக ஒன்றுகூட இல்லை. "சிவலையின்ர இரத்தம்," என்று இன்னாசித்தம்பி எல்லோருக்கும் சொல்லுவார்.

இந்த வருடம் தையில் நிலுஜா என்றொரு பிள்ளை படகேறி வந்தாள். பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் மரபணுவைப் பற்றி ஆராய்கிறவள். சொந்த ஊர் நயினாதீவு. கொப்பியின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தாள். நாலு நாள் சைக்கிளில் தீவைச் சுற்றி, இருபத்தேழு நாய்களின் வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் தடவியெடுத்துக் குப்பிகளில் போட்டுக்கொண்டு போனாள். பங்குனி பிறந்து இரண்டாம் கிழமை, முடிவுகளோடு தானே திரும்பி வந்தாள்.

பூவரசுக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். காற்றே இல்லை. கிழட்டு மல்லி கதிரைக்கடியில் படுத்து, நித்திரையில் எதையோ துரத்திக்கொண்டிருந்தது. கால்கள் மெல்ல மெல்ல ஓடின.

"ஐயா, நான் பாத்ததில உங்கட கொப்பியில இருக்கிறது இருபத்தாறு. அதில இருபத்தஞ்சு நீங்கள் எழுதினபடியேதான் இருக்கு," என்றாள் நிலுஜா. "ஆய்வுகூடத்தில ஒருத்தரும் நம்பேல்லை. ஒரு தீவில ஒரு மனிசன் கண்ணால பாத்து எழுதினது எண்டு சொன்னனான்."

"மற்றது?"

அவள் கதிரைக்கடியில் பார்த்தாள். "மல்லி."

இன்னாசித்தம்பியும் குனிந்து கதிரைக்கடியில் பார்த்தார்.

"தாயிட்ட இருந்து மட்டும் பிள்ளையளுக்குப் போற ஒரு அடையாளம் இருக்கு, ஐயா. தகப்பனுக்கு அதில பங்கில்லை. சிவலையின்ர தாய்வழி நாயள் எல்லாத்திலயும் அது ஒண்டுபோலக் கிடக்கு. மல்லியிலயும் மல்லியின்ர பெட்டைக்குட்டியளிலயும் வேற. சீசரின்ர பக்கமும் பொருந்தேல்லை."

"அப்ப மல்லி ஆறுவிரலி இல்லையோ?"

"ஆறுவிரலிதான். அதில சந்தேகமில்லை. ஆனால் எப்பவோ பிரிஞ்சு போன கிளை. தீவுக்கு வெளியில இருந்து வந்திருக்க வேணும்." அவள் தாள்களைப் புரட்டினாள். "ஒண்டு சொல்லுறன். மல்லி வந்திருக்காட்டில் இண்டைக்கு இஞ்ச நல்ல குட்டி பிறக்கிறது கஷ்டம். மற்றதெல்லாம் தங்களுக்குள்ளயே சுத்திச் சுத்தி நெருங்கிப் போச்சு. இந்த வழியாலதான் மூச்சு விடுது."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். எழுத்துகள் விளங்கவில்லை. "பிள்ளை, நீர் பிழையா ஏதும் எடுத்திருக்க மாட்டீரோ?"

"ரெண்டு தரம் பாத்தனான், ஐயா. இன்னொண்டும் சொல்ல வேணும். பக்கத்து வீட்டுக் கரனின்ர தகப்பன் ஆரெண்டு தெரியும். உங்கட முத்து, மல்லியின்ர மகன்."

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. செபஸ்தியம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

நிலுஜா படகுக்குப் போன பிறகும் இன்னாசித்தம்பி அங்கேயே இருந்தார். கல்வேலிக்கு அப்பால் புல்வெளி கானலில் நெளிந்தது. மாடுகளுக்குக் கால்கள் இல்லாததுபோல் தெரிந்தது. கொப்பியை மடியில் விரித்து மல்லியின் பக்கத்தை எடுத்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த மனைவியின் கையெழுத்தைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வந்தது கோபம் இல்லை. தெரிந்த ஒழுங்கையில் நடந்துகொண்டிருக்கும்போதே அது வேறொரு ஊரின் ஒழுங்கையாக மாறிவிட்டதுபோல இருந்தது.

"செபஸ்தி."

அவள் குசினி வாசலுக்கு வந்து நின்றாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"மல்லியை எங்க எடுத்தனீ?"

"அங்கால, சரவணை ஊரில," என்றாள். கேட்கப்படும் என்று பதினொரு வருடமாக வைத்திருந்த பதில்போல உடனே வந்தது.

"சிவலையின்ர குட்டி?"

"செத்துப் போச்சு."

"எனக்கேன் சொல்லேல்லை?"

அவள் கையைப் பார்த்தாள். "இஞ்ச வைச்சுச் சொல்ல ஏலாது. சரவணைக்குப் போவம். குட்டி தந்த அக்கா இருந்தால், அவவுக்கு முன்னால சொல்லுறன். அவவுக்கு மட்டும்தான் தெரியும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நாற்பது வருடக் குடித்தனத்தில், அவள் ஒன்றைப் பிறகு சொல்கிறேன் என்றால் சொல்லாமல் விட்டதில்லை.

மறுநாள் காலமை பரமலிங்கத்தின் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார். பரமலிங்கம் பனையோலை மிதித்துக்கொண்டு நின்றவர், காலை எடுக்க மறந்து பார்த்தார்.

"கரனை எழுத வந்தனான்," என்றார் இன்னாசித்தம்பி.

"சாட்சி இல்லையே, அண்ணை."

"இருக்கு. அந்தப் பிள்ளையின்ர தாள் இருக்கு." கொப்பியைத் திறந்தார். "என்ர பிடிவாதம் பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் என்ர கொப்பியிலயே பிழை இருந்திருக்கு. அது தெரிஞ்ச பிறகும் உம்மை வெளியில நிப்பாட்டி வைக்க எனக்கு ஏலாது."

பரமலிங்கம் ஓலையை விட்டு இறங்கினார். உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டார். கரன் பிறந்த நாளை அவர் ஒரு கலண்டர் தாளில் குறித்து, எட்டு வருடமாகச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை முதல் படகில் சரவணைக்குப் புறப்பட்டார்கள். மல்லியையும் ஒரு பனையோலைக் கடகத்தில் வைத்துக் கொண்டுபோனார்கள். அது செபஸ்தியம்மாவின் விருப்பம். பங்குனிக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்து வள்ளங்கள் இரண்டுக்கும் நடுவில், எதிலும் தொடாமல் தொங்கின. படகில் பேசிக்கொண்டு வந்தவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை விட்டார்கள். இயந்திரச் சத்தம்கூடத் தூரத்தில் யாரோ மாவிடிப்பதுபோல் கேட்டது. மல்லி கடகத்தின் விளிம்பில் தாடையை வைத்து, உப்புக் காற்றை மூக்கால் பிரித்துப் பிரித்துப் பார்த்தது.

குறிகட்டுவான் துறையில் இறங்கி பஸ் எடுத்தார்கள். இரு பக்கமும் பரவைக் கடல் வர நடுவால் போகும் நீளப் பாலத்தில், நாரைகள் அசையாமல் நின்றன. பஸ் நிற்கிறதா நாரைகள் ஓடுகின்றனவா என்று இன்னாசித்தம்பிக்கு ஒரு கணம் மயங்கியது. சரவணைச் சந்தியில் இறங்கியதும் செபஸ்தியம்மா ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. ஒரே ஒருமுறை வந்த ஊர். பூட்டிக் கிடந்த மாடிவீடுகளைத் தாண்டி, ஒரு கோயில் கேணியைச் சுற்றி, வடலிப் பனைகளுக்கு நடுவில் போன மணல் பாதையில் திரும்பினாள். ஒரு படலைக்கு முன்னால் நின்று, "அக்கா," என்று கூப்பிட்டாள்.

வெளியே வந்த பார்வதிப்பிள்ளைக்கு எழுபது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி. பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். அவர் செபஸ்தியம்மாவைப் பார்த்தார், கடகத்தைப் பார்த்தார், பிறகு பின்னால் நின்ற மனிதரைப் பார்த்தார்.

"உவர்தானோ?" என்று கேட்டார்.

"ஓம், அக்கா."

"வந்திட்டார் தானே." அவர் இன்னாசித்தம்பியை மேலிருந்து கீழாகப் பார்த்தார், நெடுநாள் வரவேண்டியிருந்த ஒருவரைப் பார்ப்பதுபோல. "உள்ள வாருங்கோ. நிழலில இருங்கோ."

கிணற்றடியில் மணல் நிறத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. எழுந்து வந்தது. இன்னாசித்தம்பியின் கண் தன்பாட்டில் அதன் பின்னங்காலுக்குப் போனது. ஆறு விரல். அது கடகத்துக்குள் மூக்கை விட்டது. மல்லி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வந்த நாய் கடகத்தை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"பூச்சி," என்றார் பார்வதிப்பிள்ளை. "இதின்ர பேத்தி முறை எண்டு வையுங்கோ. என்ர மாமி நெடுந்தீவுப் பெண். கலியாணம் முடிச்சு இஞ்ச வரேக்க நகையோட ஒரு நாய்க்குட்டியையும் கொண்டு வந்தவா எண்டு சொல்லுவா. இடம்பெயர்ந்து போகேக்கயும் அந்தச் சந்ததியை விடாமல் தூக்கிக்கொண்டு போனம்."

இன்னாசித்தம்பி தலையாட்டினார். அவர் கேட்கவந்தது அதுவல்ல என்று பார்வதிப்பிள்ளைக்குத் தெரிந்தது. மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்கட மனிசி அண்டைக்கு வந்ததை நான் மறக்கேல்லை. முன்பின் தெரியாது. தண்ணி கேட்டவா, குடுத்தன். பிறகு அந்தக் கிணத்துக் கட்டில இருந்திட்டா. மடியில ஒரு சின்னத் துவாய். வெறுந்துவாய். அதை விரிச்சு விரிச்சுத் தடவிக்கொண்டு இருக்கிறா. அப்ப எங்கட பொன்னி அஞ்சு குட்டிக்குப் பால் குடுத்துக்கொண்டு கிடந்தது. அதையே பாத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் இருந்தவா. என்ன பிள்ளை வேணும் எண்டு கேட்டன். எனக்கு ஒரு உயிர் வேணும், அக்கா எண்டு சொன்னவா."

செபஸ்தியம்மா கடகத்தின் பக்கமாகத் திரும்பி இருந்தாள். கணவரைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீங்கள் கடலுக்குப் போய் மூண்டாம் நாள் சிவலை ஈன்றது. நாலு. மூண்டு செத்துத்தான் வந்தது. சிவலையும் போயிட்டுது. ஒண்டு மட்டும் மூச்சு விட்டது. நீங்களும் வரேல்லை. தேடிப் போன வள்ளமெல்லாம் திரும்பி வந்திட்டுது. நான் அந்தக் குட்டியைத் துவாயில சுத்தி நெஞ்சோட வைச்சுக்கொண்டு, அந்தோனியாரிட்டச் சொன்னனான். இது தப்பினால் அவரும் தப்பவேணும் எண்டு."

அவள் கடகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்கட உயிரை ஒரு குட்டியின்ர தலையில கட்டியிருக்கக் கூடாது. கட்டிப் போட்டன். துணியில பால் நனைச்சு நனைச்சுக் குடுத்தன். கோயில் சுவாமி வந்து, அந்தோனியார் பெருநாள் முடிய ஒரு பூசை ஒப்புக்குடுப்பம் எண்டு சொன்னவர். ஆருக்கெண்டு சொல்லேல்லை. எனக்கு விளங்கினது. ஆறாம் நாள் விடியப் பாக்கேக்க குட்டி அசையேல்லை."

பூச்சி எழுந்து உடம்பை உதறிவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் படுத்தது.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. புதைச்சுப் போட்டு முதல் படகில வந்திட்டன். சரவணையில ஆறுவிரலி நிக்குதெண்டு ஆரோ எப்பவோ சொன்னது ஞாபகம். அதே வயசில ஒரு குட்டி கொண்டு போனால் அவருக்குத் தெரிய வராது எண்டு நினைச்சன்."

"எனக்கோ?" என்றார் இன்னாசித்தம்பி.

"அந்தோனியாருக்கு."

பார்வதிப்பிள்ளை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"அண்டைக்குத் திரும்பிற படகை விட்டிட்டன். இந்த அக்கா வீட்டிலதான் படுத்தனான். அடுத்த நாள், பெருநாள் அண்டைக்கு, குட்டியோட வந்து இறங்கினன். பேரையும் மாத்தேல்லை. பிறகு உங்கட ரெலிபோன் கோல் வந்தது."

"நான் வீட்டுக்கு வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் எல்லாம் குழம்பிப் போகும் எண்டு பயம். நீங்கள் திரும்பவும் கடலோட போயிடுவியள் எண்டு பயம். விசர்க்கதை எண்டு எனக்கும் தெரியும். ஆனால் பதினொரு வருசமா நீங்கள் வள்ளம் இறக்கிற ஒவ்வொரு நாளும் மல்லிக்குச் சோறு வைச்சுப் போட்டுத்தான் நான் சாப்பிட்டனான்."

இன்னாசித்தம்பி மோர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மறியலில் இருந்து வந்த அன்று, மனைவியின் முகத்துக்கு முதல் நாயின் காலைப் பார்த்தது அவருடைய நினைவுக்கு வந்தது. அவள் அப்போது எப்படி நின்றாள் என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. குட்டியைத் தாங்கியிருந்த கைகள் மட்டும் தெரிந்தன.

எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில், மணலில் உட்கார்ந்தார்.  வடலிகளில் காற்று தொடங்கி, ஓலைகள் ஒன்றோடொன்று உரசின. பார்வதிப்பிள்ளை எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்.

சாப்பிட்ட பிறகு கொப்பியை எடுத்தார். மல்லியின் பக்கத்தில், தாய் சிவலை என்பதை ஒரு கோட்டால் வெட்டி, பொன்னி, சரவணை பார்வதிப்பிள்ளை வீடு என்று எழுதினார்.

"தகப்பன்?"

"கண்டவர் ஆர்? ஊர் சுத்தின ஏதோ ஒரு கடுவன்," என்றார் பார்வதிப்பிள்ளை.

தெரியாது என்று எழுதினார். இருபது வருடத்தில் அந்தக் கொப்பியில் அந்தச் சொல் வருவது அதுவே முதல் தரம். எழுதிப் பார்க்க அது அப்படியொன்றும் பாரமான சொல்லாக இருக்கவில்லை. பார்வதிப்பிள்ளை சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பூச்சிக்கும் ஒரு பக்கம் எழுதினார்கள்.

பிறகு புதுப் பக்கமொன்றைத் திருப்பினார்.

"மற்றதுக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

"எது?"

"ஆறு நாள் இருந்தது."

செபஸ்தியம்மா அவரைப் பார்த்தாள். "அதுவும் மல்லிதான்."

அவர் எழுதினார். மல்லி. தாய் சிவலை, தகப்பன் சீசர். பிறந்த நாள் இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஆனி ஆறு. "செத்தது?"

"பன்ரெண்டாம் திகதி. பெருநாளுக்கு முதல் நாள் விடிய."

அந்த இடத்தில் அவருடைய கை நின்றது.

கடலில் அகப்பட்டிருந்த நாட்களை அவர் கத்தியால் படகின் விளிம்பில் கீறி வைத்திருந்தார். நாளுக்கு ஒரு கோடு. மூன்றாம் திகதி போனவர். ஒன்பதாவது கோட்டைக் கீறிய அன்று பின்னேரம்தான் நாகப்பட்டினத்துப் படகு வந்தது. பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை. நீதிமன்றத்தில் வாசித்த கடதாசியிலும் அதே திகதிதான். முகம் தெரியாத மனிதர்கள் அவரைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்கிய அந்த நேரத்தில், நெடுந்தீவில் ஒரு குசினிக்குள், ஒரு துவாய்க்குள் அந்தக் குட்டி மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அவர் கரையேறிய பிறகே அது போயிருக்கிறது.

செத்த திகதியை எழுதி முடித்தார். விரல்கள் என்ற இடத்தில், "எத்தினை?" என்று கேட்டார்.

"ஆறு," என்றாள். "நான் எண்ணினனான்."

கடைசிப் படகைப் பிடிக்க நேரத்தோடே புறப்பட்டார்கள். பார்வதிப்பிள்ளை சந்தி மட்டும் வந்து, பஸ் திரும்பும்வரை நின்றார்.

படகில் இடம் இருந்தது. பின்னேர வெயில் தண்ணீருக்குள் இறங்கி, அடியில் இருந்த பாசியையும் மணலையும் மஞ்சளாகக் காட்டியது. செபஸ்தியம்மா கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து கொண்டிருந்தாள். காலமை வந்தபோது இருந்ததைவிட அவள் இளகியிருந்தாள். நித்திரைக்குள் இருந்து கேட்பதுபோல் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ. பெருநாள் அண்டைக்குத்தானே உங்களைக் கண்டு தூக்கினவங்கள்? நான் மல்லியோட வந்து இறங்கின அண்டைக்கு."

திகதியில் ஒருநாள் பிசகியதற்காக ஒரு பக்கம் முழுவதையும் கிழித்து மறுபடி எழுதிய மனிதர் அவர். தண்ணீரைப் பார்த்தார். மல்லி கடகத்துக்குள் புரண்டு, வெள்ளை விழுந்த முகவாயை அவருடைய முழங்கையில் வைத்தது.

"ஓம்," என்றார். "பெருநாள் அண்டைக்குத்தான்."

அவள் தலையாட்டிவிட்டு அவருடைய தோளில் சாய்ந்துகொண்டாள். படகு நயினாதீவைப் பக்கவாட்டில் விட்டுவிட்டுத் திறந்த கடலுக்குத் திரும்பியது. சிறிது நேரத்தில் அவள் நித்திரையாகிவிட்டாள். வெயில் அவளுடைய கண்ணில் படாதபடி, அவர் கொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்.